பேட்டரியின் இருப்பு வேறு, கொள்ளளவு வேறு

தராசையும் கல்லாப்பெட்டியையும் போல, செல்போனும் இன்று கடைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. 2016-இல் யு.பி.ஐ. முறை வந்த பிறகு வாடிக்கையாளர் பணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும், மொத்தக் கடைக்குச் சரக்கு சொல்வதும், லாரி புறப்பட்டதா என்று விசாரிப்பதும் அதன் வழியாகவே நடக்கின்றன. மாலைக் கூட்ட நேரத்தில் அது அணைந்துவிட்டால் வியாபாரம் தடைப்படுகிறது. "காலையில் 100 காட்டியது, நாலு மணிக்கே தீர்ந்துவிட்டது" என்று சலித்துப் புதுப் போனுக்குப் பல ஆயிரம் ரூபாய் போடுபவர்கள் நம்மிடையே உண்டு. பணம் போடும் முன் இந்தக் கணக்கைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு சதவீதங்கள்

திரையின் ஓரத்தில் தெரியும் சதவீதம் அந்த நேரத்து இருப்பு. பேட்டரியின் நலம் என்று சொல்லப்படும் சதவீதம் அதன் கொள்ளளவு. 15 கிலோ எண்ணெய் டின்னை எடுத்துக்கொள்வோம். அடியில் கசடு தங்கித் தங்கி, இப்போது 12 கிலோதான் பிடிக்கிறது. அதையும் விளிம்பு வரை நிரப்பினால் 'டின் நிறைந்தது' என்றுதான் சொல்வோம். அந்த நிறைவுதான் திரையில் தெரியும் 100. ஆனால் கொள்ளளவு 80 சதவீதம்தான். பழைய போன் காலையில் 100 காட்டியும் மாலைக்குள் தீர்வதன் காரணம் இதுவே.

தேய்மானம் எப்படி ஏற்படுகிறது?

செல்போனில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. இவ்வகையை 1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே லித்தியம் இங்கும் அங்கும் போய் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அதில் சிறிதளவு ஒரு படலமாகப் படிந்து முடங்கிவிடுகிறது. முடங்கிய சரக்கு விற்பனைக்கு உதவாததைப் போல, அந்த லித்தியமும் பிறகு உதவாது.

மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று. இன்று 60, நாளை 40 செலவானாலும் அது ஒரே சுற்றுதான். ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி 500 சுற்றுக்குப் பின்னும் 80 சதவீதம் கொள்ளளவோடு இருக்கும் வகையில் அமைக்கப்பட்டது என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. ஐபோன் 15 வகைகளுக்கு இது 1000 சுற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பின் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது சட்டம். நாளொன்றுக்கு ஒரு சுற்று என்றால் 500 சுற்று என்பது சுமார் 16 மாதங்கள்.

காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பேட்டரியை யாரும் தராசில் நிறுத்துப் பார்ப்பதில்லை. உள்ளே வந்த மின்சாரம் எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒரு சில்லு வரவு செலவு எழுதி வருகிறது. இருப்பு எடுக்காமல் வெறும் நோட்டையே நம்பினால் கிட்டங்கிச் சரக்குக்கும் கணக்குக்கும் வித்தியாசம் வருவது போல இதிலும் வரும். எப்போதாவது ஒரு முறை முழுதாக ஏற்றி, நன்கு இறங்கும் வரை பயன்படுத்தினால் அந்தக் கணக்கு சரியாகலாம். ஆனால் இழந்த கொள்ளளவு அதனால் திரும்பி வராது.

நாமே ஒரு கணக்குப் போடலாம். ஏறிய மின்சாரத்தை மில்லி ஆம்பியர் மணியில் காட்டும் செயலிகள் உள்ளன. 20-லிருந்து 80 சதவீதம் வரை ஏற்ற 2400 சென்றால், 60 சதவீதத்துக்கு 2400. ஆக முழுக் கொள்ளளவு 4000. பெட்டியில் 5000 என்று இருந்தால் நலம் 80 சதவீதம். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நாலைந்து தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். சில பெட்டிகளில் 'வழக்கமான அளவு', 'குறைந்தபட்ச அளவு' என இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண்ணோடு ஒப்பிட்டால் புதுப் போனே 97, 98 சதவீதம் காட்டலாம். அது குறையல்ல.

20 சதவீதம் இருக்கும்போதே போன் திடீரென அணைகிறதா? தேய்ந்த பேட்டரியில் உள்தடை கூடுகிறது. கேமரா போன்று பாரமான வேலை வந்ததும் வோல்டேஜ் சரிகிறது. பெரும்பாலும் மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான், போனை அல்ல.

கடையில் கவனிக்க வேண்டியவை

வெப்பமே பேட்டரிக்குப் பெரும் பகை. சுற்றுப்புறம் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும். வெயில் படும் கண்ணாடிப் பெட்டி மேல், அடுப்பு அருகில், பில் புத்தகங்களுக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்ய வேண்டாம். நாள் முழுதும் சார்ஜரிலேயே கிடக்கும் கடைப் போனாக இருந்தால், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பல போன்களில் உள்ளது, அதைப் பயன்படுத்தலாம்.

மாற்று பேட்டரி வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதே உருவ பேட்டரியில் கொள்ளளவு மட்டும் இரு மடங்கு அச்சிட்டிருந்தால் நம்ப வேண்டாம். பழைய போன் வாங்குவோர் திரையில் உள்ள 100-ஐப் பார்த்து விலை பேசாமல், நலம் எத்தனை, சுற்று எத்தனை என்று கேட்க வேண்டும்.

பேட்டரி உப்பி, போனின் பின்மூடி தூக்கிக்கொண்டால் அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். கழிவுப் பேட்டரியைக் குப்பையில் போடாமல் உரிய சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதி.

இருப்பையும் கொள்ளளவையும் பிரித்துப் பார்த்த பிறகு செலவைத் தீர்மானியுங்கள். பேட்டரி மாற்றினால் போதும் என்ற இடத்தில் போன் வாங்கும் பணம், கடைக்குச் சரக்காகவே நிற்கட்டும்.