முதலிப்பட்டியும் டர்பனும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தச் சாவுகளுக்காக எந்த வல்லரசாவது இந்தியாவிடம் கேள்வி கேட்கும் என்று நாம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏன்?

1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை, ஆனாலும் அமெரிக்காவுக்கு ஆடை தைத்த வங்கதேச ஆலைகள் பயந்துபோய்ச் சிறுவர்களை வெளியேற்றின. நம் பட்டாசோ பெரும்பாலும் நம் தீபாவளிக்கே விற்கிறது. அமெரிக்கக் கடையில் இல்லாத சரக்குக்கு அந்த மசோதா எப்படிக் கை கொடுக்கும்? சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், விதிமீறும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டுமென 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. (அது மனித உரிமை நாள், தற்செயலாக இருக்கலாம்.) குழந்தை உழைப்பு பற்றிய ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகள் 138, 182 இரண்டையும் இந்தியா 2017-இல் ஏற்றது. சங்கம் வைக்கும் உரிமைக்கான 87, கூட்டுப்பேர உரிமைக்கான 98 இரண்டையும் இன்னும் ஏற்கவில்லை. உச்சி வெயிலில் மருந்து கலக்கச் சொன்னால் ‘மாட்டோம்’ என்று சேர்ந்து சொல்ல இவைதான் வேண்டும்.

சாதியின் கதை இதைவிடக் கசப்பானது. 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர் படும் பாட்டை இந்தியா ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது. ‘உள்நாட்டு விவகாரம்’ என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதி, அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் பிரதி கேட்டார். தீண்டப்படாதோரும் அவ்வழியே போக எண்ணுவதாகச் சொன்னார். 1965-இன் இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் ‘வம்சாவளி’ என்ற சொல்லைச் சேர்க்கக் கோரியதே இந்தியாதான். 2001-இல் டர்பன் மாநாட்டில், அதே தென்னாப்பிரிக்க மண்ணில், சாதி இனமல்ல, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்தியா வாதாடியது. இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. வளரும் சந்தையைப் பகைத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

மறு ஆண்டே அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு, ‘வம்சாவளி’ சாதியையும் உள்ளடக்கும் என்று பொதுப் பரிந்துரை 29-இல் எழுதியது. அது எந்த அரசையும் கட்டிப்போடாது. ஆனால் அரசு தரும் அறிக்கையோடு மக்கள் அமைப்புகளும் அக்குழுவுக்கு நிழல் அறிக்கை அனுப்பலாம். வெடிவிபத்தில் மாண்டவர் எந்தத் தெருவிலிருந்து, என்ன கூலிக்கு, யாரிடம் வாங்கிய முன்பணத்துக்காக ஆலைக்குப் போனார் என்று கேட்டு எழுதுவது, இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களால் முடிகிற வேலை.