கப்பலில் நோய் பரவினால் பொறுப்பு யாருடையது?

சொகுசுக் கப்பலில் பயணம் செய்ய விரும்பும் முதியோரும், அவர்களை அனுப்பிவைக்க எண்ணும் பிள்ளைகளும், கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் ஒரு வினாவை எழுப்புகின்றனர்: நடுக்கடலில் தொற்று பரவினால் எந்த அரசு நம்மைக் காக்கும்? வினா எளியது, விடை அவ்வளவு எளியதன்று. கப்பல் ஒரு நாட்டில் பதிவு செய்யப்பட்டிருக்கும். அதை நடத்தும் நிறுவனம் வேறொரு நாட்டைச் சேர்ந்ததாயிருக்கும். அது நங்கூரமிடும் துறைமுகமோ மூன்றாவது நாட்டுக்கு உரியது.

இச்சிக்கலை உலகம் கண்கூடாகக் கண்டது டைமண்ட் பிரின்சஸ் கப்பலில். 2020 ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிய பயணி ஒருவருக்குப் பிப்ரவரி 1 அன்று கொரோனா உறுதியானது. இரு நாட்கள் கழித்துக் கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவை அடைந்தபோது அதில் 3,711 பேர் இருந்தனர். கப்பல் பிரிட்டனில் பதிவானது; நடத்தியது அமெரிக்க நிறுவனம்; நோய்த் தடுப்பின் சுமை ஜப்பானிய அரசின் தோளில் விழுந்தது. பிப்ரவரி 5 முதல் இரு வாரங்களுக்குப் பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர்.

பயணிகள் அறைக்குள் அடங்கியிருக்க முடிந்ததற்குக் காரணம், பணியாளர்கள் அடங்கியிராததே. சமைத்தல், உணவைக் கதவுதோறும் கொண்டு சேர்த்தல், துப்புரவு ஆகிய அனைத்தையும் அவர்களே தொடர்ந்தனர். பொது அறைகளில் சேர்ந்து உறங்கினர். தனிமைப்படுத்தல் என்னும் சொல் கப்பலின் மேல்தளங்களுக்கு மட்டுமே பொருந்தியது என்று கூறுவது மிகையாகாது. முடிவில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 331 பேருக்குப் பரிசோதனையின்போது எவ்வித அறிகுறியும் இல்லை. காய்ச்சல் உள்ளவரை மட்டும் பிரித்து வைத்தால் போதும் என்ற எண்ணத்தை இவ்வெண்ணிக்கை தகர்த்தது. அக்கப்பலில் இருந்த 138 இந்தியரில் 132 பேர் பணியாளர்கள். தமிழ்நாட்டினரும் அவர்களுள் உண்டு. 16 இந்தியருக்குத் தொற்று ஏற்பட்டது. ஏனையோரில் 119 பேர் பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானத்தில் தில்லிக்கு அழைத்துவரப்பட்டு, மானேசரில் தனித்து வைக்கப்பட்டனர்.

ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ நேர்மாறான பிழை. 2020 மார்ச் 19 அன்று ரூபி பிரின்சஸ் கப்பல் சிட்னியை அடைந்தது. நோய் அபாயம் குறைவு என்று மாநிலச் சுகாதாரத் துறை மதிப்பிட்டிருந்ததால், நோயுற்றோரின் மாதிரிகளுக்கு முடிவு வரும் முன்பே சுமார் 2,700 பயணிகள் இறங்கி நாடெங்கும் பரவினர். இக்கப்பலோடு தொடர்புடைய தொற்றால் 28 பேர் உயிரிழந்தனர். இது குறித்து அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 2020 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில், சுகாதாரத் துறையின் முடிவைக் கடுமையாகக் கண்டித்தது. பரிசோதனை முடிவுக்காகச் சில மணி நேரம் காத்திருக்கும் பொறுமை, அந்நாளில் மருந்தினும் மேலானதாக இருந்திருக்கும்.

சொகுசுக் கப்பல் வணிகத்தின் மையமான அமெரிக்காவில், நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 மார்ச் 14 அன்று பயணத் தடை ஆணை பிறப்பித்து, அக்டோபர் இறுதி வரை அதை நீட்டித்தது. தடை வந்தபோதும் பணியாளர்கள் கப்பல்களிலேயே தங்க நேர்ந்தது. அவர்கள் பொது விமானங்களில் செல்லமாட்டார்கள் என நிறுவன அலுவலர்கள் கையொப்பமிட்டு உறுதியளித்தாலன்றிக் கரையிறங்க இயலவில்லை. நோயைத் தடுக்கும் நோக்கில் இவ்விதி சரியானதே; அதன் விலையைச் செலுத்தியவர்கள் பல மாதம் வீடு திரும்பாத தொழிலாளர்கள்.

அக்டோபர் 30 அன்று தடைக்கு மாற்றாக நிபந்தனையுடன் கூடிய பயண ஆணை வந்தது. மருத்துவமனை சார்ந்த நமக்கு இதில் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. கப்பல் நிறுவனம் துறைமுகத்தோடும் உள்ளூர்ச் சுகாதார அலுவலர்களோடும், கரையில் சிகிச்சைக்கும் தனிமை இருப்பிடத்துக்கும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதே அது. பணியாளர்களுக்குப் பரிசோதனையும், தன்னார்வலர்களைக் கொண்டு வெள்ளோட்டமும் நடத்தப்பட வேண்டும். பணியாளரில் 98 விழுக்காட்டினரும் பயணிகளில் 95 விழுக்காட்டினரும் தடுப்பூசி செலுத்திக்கொண்டிருந்தால் வெள்ளோட்டம் தேவையில்லை என்று பின்னர் தளர்த்தப்பட்டது.

புளோரிடா மாநில அரசு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மையம் தன் சட்ட அதிகாரத்தை மீறியதாகத் தோன்றுகிறது என்று கருதிய கூட்டாட்சி நீதிபதி, 2021 ஜூனில் இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டுக்குப் பின் அவ்வாணை ஜூலையில் அம்மாநிலக் கப்பல்களைக் கட்டுப்படுத்தாத பரிந்துரையாக மாறியது. 2022 ஜனவரியில் ஆணையே காலாவதியாகி, விரும்பிய நிறுவனங்கள் மட்டும் சேரும் திட்டமாயிற்று. ஜூலையில் அதுவும் முடிந்தது.

எனினும் பெருந்தொற்றுக்கு நெடுங்காலம் முன்பே, 1970களில் தொடங்கிய கப்பல் தூய்மைத் திட்டம் இன்றும் நடைபெறுகிறது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பயணக் கப்பல்களை ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றிச் சோதித்து, 100க்கு மதிப்பெண் இடுகின்றனர். 86க்குக் குறைந்தால் தேர்ச்சியில்லை. மதிப்பெண்கள் பொதுவெளியில் கிடைக்கும். ஆனால் இத்திட்டம் வாந்தி, வயிற்றுப்போக்கு நோய்களுக்காக வகுக்கப்பட்டது. சமையலறையின் தூய்மையைக் கொண்டு காற்றில் பரவும் நோயின் அபாயத்தை அளந்துவிட இயலாது.

ஆகவே பயணச் சீட்டு எடுக்குமுன், சர்க்கரை நோய், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் தம் மருத்துவரிடம் பேசித் தடுப்பூசிகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் மருத்துவமனை முதலுதவிக்கும் சிறு சிகிச்சைக்கும் ஏற்றது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஈடாகாது. கரைக்கு அவசரமாகக் கொண்டுசெல்லும் செலவைக் காப்பீடு ஏற்குமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பயண நாட்களைவிட இரு வாரங்களுக்கு அதிகமாக, மருந்துச் சீட்டுடன், கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நோரோ வைரஸ் போன்றவற்றுக்குக் கிருமிநாசினித் திரவம் போதாது. சோப்பும் நீரும் கொண்டே கைகழுவ வேண்டும். காய்ச்சலோ இருமலோ தோன்றினால், அறைக்குள் அடைக்கப்படுவோம் என்ற அச்சத்தால் மறைக்காமல், அன்றே கப்பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். கப்பலில் தொற்று நோய் ஐயம் இருப்பின் அடுத்த துறைமுகத்துக்குத் தலைவர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதி, அவருக்குத் தெரிந்தால்தான் அவரால் அறிவிக்க இயலும்.