மூடுபனியில் வழிகாட்டும் விளக்கு

மார்கழி, தை மாதங்களில் வட இந்தியச் சமவெளியில் மூடுபனி இறங்குகிறது. பஞ்சாப், ஹரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய இடங்களில் சில நாள் பகலில்கூட சூரியன் தெரியாது. ரயில்கள் தாமதமாக வரும். தெற்கே மலைப் பகுதிகளிலும் மூடுபனி உண்டு. ஊட்டி, கொடைக்கானல், மூணாறு போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் மேகமே சாலைக்கு இறங்கி வந்துவிடும்.

மூடுபனி என்பது என்ன? அது புகை அல்ல. காற்றில் மிதக்கும் மிகச் சிறிய நீர்த் துளிகளின் கூட்டம் அது. 1000 மீட்டர் தூரம்கூடத் தெரியாவிட்டால் அதை மூடுபனி என்கிறது வானிலைத் துறை. 50 மீட்டர்கூடத் தெரியாவிட்டால் அது மிக அடர்ந்த மூடுபனி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி போகிறது. அது ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண்ணுக்கு 30 மீட்டர்தான் தெரிகிறது. அங்கே ஒரு லாரி நிற்கிறது. இரண்டு நொடிக்குள் வண்டி லாரியை எட்டிவிடும். பார்க்க வேண்டும், பிரேக் மிதிக்க வேண்டும், வண்டி நிற்க வேண்டும். அதற்கு இரண்டு நொடி போதாது. அதே வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால்? நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான் ஓடும். நிறுத்த நேரம் கிடைக்கும்.

ஆகவே மூடுபனியில் முதல் பாதுகாப்பு, வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது பாதுகாப்பு, சரியான விளக்கு.

பிரைட் லைட் ஏன் உதவாது?

மூடுபனியைக் கண்டதும் சிலர் ஹெட்லைட்டைப் பிரைட்டில் போடுவார்கள். வெளிச்சம் கூடினால் வழி தெரியும் என்று நினைப்பார்கள். நடப்பதோ வேறு.

பிரைட் லைட்டின் ஒளி நேராகவும் சற்று மேலாகவும் போகிறது. வழியில் கோடிக்கணக்கான நீர்த் துளிகள் இருக்கின்றன. ஒளி அவற்றின் மேல் பட்டுச் சிதறுகிறது. ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. கண் முன்னே வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். சாலை மறைந்துவிடும். எதிரே வருபவரின் கண்ணும் கூசும்.

ஃபாக் லைட் வேறு விதமாக வேலை செய்கிறது. அதைப் பம்பரில், ஹெட்லைட்டைவிடத் தாழ்வாகப் பொருத்துவார்கள். அதன் ஒளி தரையை ஒட்டி, அகலமாகப் பரவும். மேலே போகாது. அதனால் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளி குறைகிறது. சாலை ஓரமும், வெள்ளைக் கோடும், பள்ளமும் பக்கத்தில் தெரிகின்றன. தூரத்தைக் காட்டுவது ஃபாக் லைட்டின் வேலை அல்ல. பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டுவதே அதன் வேலை.

மஞ்சள் நிறம் மூடுபனியைத் துளைக்கும் என்று பலர் சொல்வார்கள். மூடுபனித் துளிகள் எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறச் செய்கின்றன. சிலருக்கு மஞ்சள் ஒளியில் கண் கூசுவது குறைவாகத் தோன்றும். அவ்வளவுதான். நிறத்தைவிட, விளக்கு இருக்கும் உயரமும் ஒளி விழும் விதமும் முக்கியம்.

மூணாறில் ஒரு பிக்கப் வண்டி

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது வட்டவடை. முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு விளையும் மலை ஊர். அங்கே தமிழ் பேசும் விவசாயிகள் நிறையப் பேர். காய்கறி ஏற்றிய பிக்கப் வண்டிகள் டாப் ஸ்டேஷன், மாட்டுப்பெட்டி வழியாக மூணாறு வருகின்றன. வழியெல்லாம் வளைவு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். மூடுபனி இறங்கினால் சாலை ஓரம் தெரிவதுதான் உயிர்.

அப்படி ஓடும் ஒரு பழைய பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஃபாக் லைட் இருக்கிறது. ஆனால் மங்கலாக எரிகிறது. ஓட்டுநர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வருகிறார்.

“அண்ணே, புது பல்பு போட்டும் வெளிச்சம் பத்தல. சுவிட்சைத் தொட்டா சுடுது.”

“பல்பு மேல குத்தம் இல்ல தம்பி. பல்புக்குக் கரண்ட் வர்ற வழியிலதான் குத்தம். சுவிட்ச் சுட்டும் நீ ஓட்டினியே, அதுதான் பயம்.”

எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுக்கிறார். விளக்கை எரியவிட்டு அளக்கிறார். பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது. பல்பின் இரண்டு முனைகளுக்கு இடையில் 10.8 வோல்ட்தான் இருக்கிறது. நடுவில் 1.6 வோல்ட் காணோம். அது எங்கே போயிற்று?

மின்சாரம் போகும் வழி

வாய்க்காலில் தண்ணீர் பாய்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். வாய்க்கால் குறுகலாக இருந்தாலும், மண் அடைத்திருந்தாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் குறைந்துவிடும். மின்சாரமும் அப்படித்தான்.

பிக்கப் வண்டியில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. மின்சாரம் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்படுகிறது. ஃபியூஸ், சுவிட்ச், வயர் வழியாகப் பல்புக்கு வருகிறது. பிறகு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரியின் மைனஸ் முனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறார்கள். போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் சரியாக இருந்தால்தான் விளக்கு நன்றாக எரியும்.

ஹாலஜன் ஃபாக் லைட் பல்பு பெரும்பாலும் 55 வாட். இரண்டு பல்புக்கு 110 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 110-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9.2 ஆம்பியர். இது சிறிய மின்சாரம் அல்ல.

அந்த வண்டியில் முன்பு யாரோ மெல்லிய வயரைப் போட்டிருக்கிறார்கள். அது 1 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பம்பருக்கு வருகிறது. மொத்தம் 6 மீட்டர். அந்த வயரிலேயே 1 வோல்ட் வீணாகிறது. மீதி 0.6 வோல்ட் எர்த்தில் போகிறது. எர்த் வயரைத் துருப்பிடித்த இடத்தில் முடுக்கியிருக்கிறார்கள்.

ஒன்றரை வோல்ட் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வீணாகும் மின்சாரம் சும்மா போவதும் இல்லை. அது சூடாக மாறுகிறது. சுவிட்ச் சுடுவதும், வயர் உறை உருகுவதும் அதனால்தான். உருகிய வயர் இரும்பில் உரசினால் தீப்பிடிக்கும்.

ரிலே என்பது என்ன?

“அப்ப பெரிய சுவிட்சா போட்டுடலாமா அண்ணே?”

“வேண்டாம் தம்பி. சின்ன சுவிட்சே போதும். ஒரு ரிலே போட்டா சரியாயிடும்.”

ரிலே ஒரு சிறிய பெட்டி. உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் சிறிதளவு மின்சாரம் சுருளுக்குப் போகும். சுருள் காந்தமாக மாறும். அது ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். ‘டிக்’ என்று ஒலி கேட்கும். உடனே பெரிய மின்சாரம் போகும் வழி திறக்கும். மடையைத் திறக்கச் சொல்லி ஒருவர் கை காட்டுகிறார், இன்னொருவர் திறக்கிறார். சுவிட்ச் கை காட்டுகிறது. ரிலே மடையைத் திறக்கிறது.

சாதாரண ரிலேயில் நான்கு கால்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.

30 – பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர்.
87 – விளக்குகளுக்குப் போகும் வயர்.
86 – சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர்.
85 – எர்த்.

எண் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வயரிங்கை மாற்றும் முறை

எலக்ட்ரீஷியன் இந்த வரிசையில் வேலை செய்கிறார்.

1. என்ஜினை நிறுத்துகிறார். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுகிறார். பிளஸ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டு நெருப்புப் பொறி பறக்கும்.

2. பழைய மெல்லிய வயரை எடுத்துவிடுகிறார்.

3. பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைக்கிறார். ஃபியூஸ் காப்பது பல்பை அல்ல, வயரை. அது தூரத்தில் இருந்தால், நடுவில் உள்ள வயருக்குக் காவல் இல்லை.

4. ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-க்கும், 87-லிருந்து விளக்குகளுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுகிறார். ரிலேயைத் தண்ணீர் படாத இடத்தில், கால்கள் கீழே பார்க்கும்படி பொருத்துகிறார்.

5. பார்க்கிங் லைட் வயரிலிருந்து சுவிட்சுக்கு மின்சாரம் எடுக்கிறார். சுவிட்சிலிருந்து 86-க்கு மெல்லிய வயர் போடுகிறார். இதனால் பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும். மறந்து எரியவிட்டுப் பேட்டரி இறங்கிப் போகாது.

6. எர்த் போடும் இடத்தில் துருவையும் பெயின்டையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்குகிறார். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுகிறார். 85-க்கும் இதே கவனம்.

7. தகட்டு ஓட்டை வழியாக வயர் போகும் இடத்தில் ரப்பர் வளையம் மாட்டுகிறார். சூடான சைலன்சர் பக்கம் வயர் போகாமல் கட்டுகிறார்.

8. கடைசியாகத்தான் மைனஸ் முனையை மாட்டுகிறார்.

இப்போது மீட்டர் பல்பில் 11.9 வோல்ட் காட்டுகிறது. சுவிட்ச் சுடவில்லை. அதே பல்பு பளிச்சென்று எரிகிறது.

விளக்கு எரியாவிட்டால்?

சுவிட்சைப் போட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிக்’ ஒலி கேட்கவில்லையா? சுவிட்ச், 86 வயர், 85 எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ‘டிக்’ கேட்டும் விளக்கு எரியவில்லையா? ஃபியூஸ், பல்பு, விளக்கின் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்பிலோ எர்த்திலோ குறை இருக்கும்.

ஃபியூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள். அதற்குப் பதில் செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ வைக்காதீர்கள். பெரிய ஃபியூஸும் போடாதீர்கள். அடுத்த முறை ஃபியூஸ் எரியாது. வயர் எரியும். வண்டியும் சரக்கும் போகும்.

இவற்றையும் கவனியுங்கள்

புதிய வண்டிகள் பலவற்றில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. அவற்றின் வயரை வெட்டக் கூடாது. கம்பெனி சர்வீஸில் கேட்டுச் செய்யுங்கள்.

பெரிய லாரிகளில் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் பல்பை அதில் போட்டால் எரிந்து போகும்.

வண்டி விளக்குகளுக்கு 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வரம்பு உண்டு. கூரை மேலும் கம்பி மேலும் கண் கூசும் விளக்குகளை மாட்டாதீர்கள். அபராதம் மட்டும் அல்ல, எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து.

மூடுபனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைத்துவிடுங்கள். பின்பக்கச் சிவப்பு ஃபாக் லைட்டை எரியவிட்டால், பின்னால் வருபவர் அதைப் பிரேக் லைட் என்று நினைத்துக் குழம்புவார்.

வழியே தெரியாவிட்டால் சாலையை விட்டு முழுவதும் விலகி நிறுத்துங்கள். நின்ற பிறகு நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். சரக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேரலாம். ஓட்டுநர் வீடு போய்ச் சேர வேண்டும்.

படித்தீர்களா? பதில் சொல்லுங்கள்.

1. மூடுபனியில் பிரைட் லைட் போட்டால் ஏன் வழி தெரிவதில்லை?
2. ஃபாக் லைட்டை ஏன் தாழ்வாகப் பொருத்துகிறார்கள்?
3. ரிலேயின் நான்கு கால்களின் எண்கள் என்ன? எது எதனோடு சேரும்?
4. ஃபியூஸ் ஏன் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும்?
5. இரண்டு 60 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் எரிகின்றன. எத்தனை ஆம்பியர் ஓடும்? கணக்கிட்டுப் பாருங்கள்.