சேனல் கட்டானா கேபிள் தம்பியத் திட்டலாமா?

பட்டுக்கோட்டையில இருந்து பாட்டி போன் பண்றாங்கன்னு வச்சுக்குவோம்: “சீரியல் வரலடா, கேபிள் தம்பியக் கேளு!”

2023 பிப்ரவரியில நாடு முழுக்க இதே புகார்தான். 19 ரூபாய் வரை விலையுள்ள சேனல்களைத் தொகுப்புல சேர்க்கலாம்னு டிராய் விதியை மாத்துச்சு. சேனல் நிறுவனங்கள் விலையை ஏத்தினாங்க. பெரிய கேபிள் நிறுவனங்கள் பல, புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மறுத்தாங்க. உடனே ஸ்டார், ஜீ, சோனி அவங்களுக்கு சிக்னலை நிறுத்திட்டாங்க. கேபிள் தரப்புக் கணக்குப்படி பாதிப்பு 4.5 கோடி வீடுகளுக்கு.

தெருவுல வயர் இழுக்குற தம்பிக்கு இதுல பேச்சே இல்ல. மாசக் காசு கட்டின பாட்டிக்கும் இல்ல. ஆப்ல பார்க்கணும்னா தனிச் சந்தா.

சில நாள்ல கையெழுத்தாச்சு, சேனலும் வந்துச்சு. புது விலையிலதான்!