மெடிக்கேர் திட்ட மாற்றமும் கட்டணச் சிக்கல்களும்

மெடிக்கேர் என்பது முதன்மையாக 65 வயது நிரம்பியோருக்காக ஐக்கிய அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவக் காப்பீடு ஆகும். இதற்கான சட்டம் 1965ஆம் ஆண்டு அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் இயற்றப்பட்டது. இதில் சேர்ந்தவர்கள் அரசே நேரடியாகப் பணம் செலுத்தும் மூல மெடிக்கேரில் இருக்கலாம். அல்லது தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றில் சேரலாம். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ள முடியும். மாற்றம் சனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. பில் குழப்பங்களும் அதன் பிறகே தலைதூக்குகின்றன.

எந்தத் திட்டத்தின் பொறுப்பு

சிகிச்சை நடந்த நாளில் எந்தத் திட்டம் நடைமுறையில் இருந்ததோ அதுவே பணம் தர வேண்டும். பில் வந்த நாள் கணக்கில் வராது. டிசம்பர் 28 அன்று எடுத்த எக்ஸ்ரேவுக்குப் பிப்ரவரியில் பில் வந்தாலும் அது பழைய திட்டத்தைச் சார்ந்ததே. உள்நோயாளிகளுக்கு மட்டும் விதி சற்று மாறுகிறது. டிசம்பர் 30 அன்று மருத்துவமனையில் சேர்ந்து சனவரி 4 அன்று வீடு திரும்பியவரின் மருத்துவமனைக் கட்டணம் பொதுவாக முழுவதும் பழைய திட்டத்தையே சாரும். அவரைப் பார்த்த மருத்துவர்களின் கட்டணமோ நாள்வாரியாகப் பிரியும். ஆகவே ஒரே நோய்க்கு இரண்டு திட்டங்களிலிருந்தும் தாள்கள் வருவது பிழையல்ல.

உண்மையான பிழை பெரும்பாலும் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் தொடங்குகிறது. கணினியில் பழைய அட்டையின் எண்ணே இருக்கும். அல்லது அட்வான்டேஜ் திட்டத்துக்கு மாறிய முதியவர், பழகிப்போன சிவப்பு, வெள்ளை, நீல நிற அரசு அட்டையை நீட்டியிருப்பார். கோரிக்கை தவறான இடத்துக்குப் போய் நிராகரிக்கப்படும். முழுத் தொகையும் நோயாளியின் பெயருக்கு வரும். அச்சத்தில் பலர் உடனே கட்டிவிடுவதும் உண்டு. அது தேவையற்றது. முதலில் திட்டம் அனுப்பும் விளக்க அறிக்கையுடன் பில்லை ஒப்பிட வேண்டும். மூல மெடிக்கேரின் அறிக்கையில் 'இது பில் அன்று' என்றே அச்சிடப்பட்டிருக்கும். பின்னர் மருத்துவமனையின் பில் பிரிவுக்குப் புதிய அட்டை விவரத்தைக் கொடுத்து, சரியான திட்டத்துக்கு மறுபடியும் அனுப்பக் கேட்கலாம். பேசியவரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொள்வது பிற்பாடு கைகொடுக்கும்.

இதில் காலம் முக்கியம். மூல மெடிக்கேருக்கு, சிகிச்சை நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். தனியார் திட்டங்களின் ஒப்பந்தங்களில் கெடு இன்னும் குறைவாக இருப்பதுண்டு. மூல மெடிக்கேரின் கெடுவை மருத்துவமனை தன் தவறால் கோட்டைவிட்டால், மெடிக்கேர் தந்திருக்க வேண்டிய தொகையை நோயாளியிடம் கேட்க முடியாது.

பிரீமியம்

ஓர் அட்வான்டேஜ் திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழையது தானாகவே முடிவுக்கு வரும். மூல மெடிக்கேரின் இடைவெளிகளை நிரப்பும் மெடிகேப் காப்பீடு அப்படியல்ல. வாங்கியவரே அதை நிறுத்தச் சொல்லாவிட்டால் பிரீமியம் ஓடிக்கொண்டே இருக்கும். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தில் பிரீமியத்தைப் பிடித்தம் செய்வோருக்கு மாற்றம் பதிவாகச் சில மாதங்கள் ஆகலாம். அப்போது நிலுவை மொத்தமாகப் பிடிக்கப்பட்டு, ஒரு மாத ஓய்வூதியம் திடீரெனக் குறையக்கூடும்.

மறுப்பும் மேல்முறையீடும்

சரியான திட்டமே பணம் தர மறுத்தால் அது பில் பிழை அல்ல, மேல்முறையீட்டுக்கு உரியது. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையுடன் புதிய அட்வான்டேஜ் திட்டத்துக்கு வருபவருக்குக் குறைந்தது 90 நாட்கள், முன் அனுமதி கேட்டு இடையூறு செய்யாமல் சிகிச்சையைத் தொடரவிட வேண்டும் என்ற விதி 2024 முதல் உள்ளது. இவ்விதியைச் சுட்டிக்காட்டியே சில மறுப்புகளை எதிர்க்க முடியும். மூல மெடிக்கேரில் அறிக்கை கிடைத்த 120 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதற்கு உதவ, மாநிலந்தோறும் இயங்கும் ஷிப் எனப்படும் ஆலோசனை மையங்கள் கட்டணம் வாங்குவதில்லை.