மின்சாரம் நின்றாலும் புகை நிற்காது

1998 ஜனவரியில் கியூபெக்கையும் கிழக்கு ஒன்ராறியோவையும் முடக்கிய உறைமழையில் சில ஊர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக மின்சாரமின்றிக் கிடந்தன. 2013 நத்தார் வாரத்தில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் இணைப்புகள் செயலிழந்தன. 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மறுபடியும் அதே அவதி. எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்ப்புறங்களில் பெல்லட் அடுப்பை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கும் வீடுகள் பல. விறகுதானே எரிகிறது, கரண்ட் போனால் என்ன என்ற எண்ணம்தான் ஆபத்தானது.

இந்த அடுப்பில் மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை மோட்டார் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தணலுக்குள் தள்ளுகிறது. ஒரு விசிறி புகையை வெளியே அனுப்புகிறது. இன்னொன்று சூட்டை அறையில் பரப்புகிறது. பழைய விறகடுப்பின் உயர்ந்த புகைபோக்கி தானாகவே புகையை மேலிழுத்துவிடும். பெல்லட் அடுப்பின் குழாயோ பெரும்பாலும் சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் போவது. மின்சாரம் நின்றால் மோட்டாரும் விசிறிகளும் நின்றுவிடும், தணல் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அந்தப் புகை வீட்டுக்குள் திரும்பக்கூடும். அதிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழாமலே போகலாம்.

ஆகவே மின்தடை நேரத்துக்கென்று பற்றறி வாங்கும்போது முதல் கேள்வி, அடுப்பு பாதுகாப்பாக அணையும்வரை அது விசிறியை ஓட்டுமா என்பது. இரவு முழுவதும் வெப்பம் தருமா என்பது அடுத்த கேள்வி. கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். முதல் வேலைக்கு ஒருவேளை போதும். அரை மணி நேரத்துக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுப்பு ஓடும்போது சுமார் 100 வாட் இழுக்கும். தீ மூட்டும் சில நிமிடங்களில் மட்டும் 300 முதல் 500 வாட் வரை ஏறும். பற்றறியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அந்த உச்சத்தையும் தாங்க வேண்டும். உங்கள் அடுப்பின் சரியான அளவு அதன் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். 100 வாட் எட்டு மணி நேரம் ஓடினால் 800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 950 அளவில் தேவை. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய-அமில பற்றறியில் 1,200 வாட்-மணி என்று கடைக்காரர் சொல்வார். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், கைக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரம்தான். அதே அளவு லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றறி ஒன்பது மணி நேரத்தை எட்டும். விலை அதிகம், ஆனாலும் நான் அதையே பரிந்துரைப்பேன். ஒரு நிபந்தனை உண்டு. சுழியம் பாகைக்குக் கீழே அதை மின்னேற்றக் கூடாது. சூடேற்றாத கராஜ் அதற்கு இடமல்ல.

மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் படிக்கட்டு வடிவ மின்னலையில் விசிறி மோட்டார்கள் உறுமும், சூடேறும். கட்டுப்பாட்டுப் பலகையும் குழம்பலாம். தூய சைன் அலை என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கனடாவில் ஏற்கப்பட்ட சி.எஸ்.ஏ. போன்ற சான்று முத்திரை இல்லாத கருவியை இணையத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு வயரிங்கில் இணைப்பதென்றால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டும். மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும். சுவர்ச் சொக்கற் வழியாக வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுவது, வெளியே கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைப் பறிக்கும். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டுவதும், பார்பிக்யூ கரியை வீட்டுக்குள் எரிப்பதும், கதவு திறந்திருந்தாலும் கூடாது.

2026 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில், எரிபொருள் அடுப்புள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகில் மட்டுமன்றி ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். வாடகை வீட்டில் அதைப் பொருத்துவது வீட்டுக்காரரின் கடமை. பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் கேட்கத் தயங்க வேண்டாம். மறுத்தால் உள்ளூர்த் தீயணைப்புத் துறையிடம் சொல்லலாம்.

புயல் ஓய்ந்ததும் கதவைத் தட்டி விற்பவர்கள் வருவார்கள், அதுவும் அம்மா அப்பா தனியாக இருக்கும் நேரத்தில். ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர் போன்றவற்றை அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்துள்ளது. அந்தப் பட்டியலில் பற்றறி இல்லை. ஆனாலும் வீட்டில் கையெழுத்திட்ட 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைக் காரணம் சொல்லாமலே 10 நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். பொய் சொல்லி விற்றிருந்தால் ஓராண்டு வரை அவகாசம் உண்டு. ரத்துச் செய்வதை எழுத்தில், திகதியோடு அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 10 நாள் உரிமையில் ரத்துச் செய்தால் 15 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். வராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.