குட்டி யானையை உட்கார வைக்கலாமா?

காட்டூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்போனை நோண்டாமல், தஞ்சாவூர் ரோட்டில் போகும் 'குட்டி யானை'களின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்க. காலி வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளும். சிமென்ட் மூட்டை ஏத்தின வண்டி சமர்த்தா உட்கார்ந்து போகும். லோடு தாங்கணும்னு விறைப்பா செஞ்ச பட்டை ஸ்பிரிங், வெயிட் இல்லாதப்போ வளைய மாட்டேன்னு அடம்பிடிக்குது. அவ்ளோதான்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளைத் தரையோடு தரையா இறக்குறது பல வருஷத்துப் பைத்தியம். அந்த போட்டோவைப் பார்த்துட்டு, "பட்டையில ரெண்டை உருவிடு மச்சி, தானா இறங்கிடும்"னு சொல்ல ஒரு நண்பன் எல்லா கேங்கிலும் இருப்பான். இறங்கும்தான். ஆனா உருவின பட்டைங்க சுமந்த லோடையும் மிச்சப் பட்டைங்கதான் சுமக்கணும்!

அதைவிட ஆபத்து, ஷாக் அப்சார்பர். இது எடையைத் தாங்குறதுன்னு பலரும் நினைக்கிறாங்க. இல்லை. ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்குறதுதான் இதோட வேலை. ஒரு ஷாக் மொத்தம் 8 இஞ்ச் ஓடும், வண்டி நிற்கும்போது பாதியில் இருக்கும்னு வெச்சுக்குங்க. வண்டியை 3 இஞ்ச் இறக்கிட்டு அதே ஷாக்கை நேரா மாட்டினா, அமுங்க மிச்சம் 1 இஞ்ச். ஒரு ஸ்பீட் பிரேக்கர் போதும். ஷாக் முட்டி நிற்கும், அடி முழுக்க பிராக்கெட் வெல்டிங்கில் இறங்கும்.

சாய்ச்சு மாட்டினா? இங்கேதான் பிளஸ் டூ டிரிக்னாமெட்ரி வேலைக்கு வருது. ஷாக் செங்குத்திலிருந்து எவ்வளவு சாயுதோ, அந்தக் கோணத்தோட காஸ் மதிப்பின் வர்க்கம்தான் சக்கரத்துக்குக் கிடைக்கிற அடக்கும் சக்தி. ஒரு காஸ், சக்கரம் ஏறுற அளவுக்கு ஷாக் அமுங்காததால. இன்னொண்ணு, ஷாக் தர்ற விசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போயிடுறதால. 30 டிகிரி சாய்ச்சா 75 சதவீதம், 45 டிகிரியில் வெறும் பாதி. வண்டியை இறக்கினா ஆக்ஸில் சேஸிஸை நெருங்கும், ஏற்கெனவே சாய்ஞ்ச ஷாக் இன்னும் படுத்துக்கும். அதனால ஒழுங்கா இறக்குறவங்க குட்டையான ஷாக் வாங்கி, மேல் பிராக்கெட்டையும் புது உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க.

சில வண்டிகளில் ஒரு ஷாக் ஆக்ஸிலுக்கு முன்னாடியும் இன்னொண்ணு பின்னாடியும் சாய்ஞ்சிருக்கும். ஃபிட்டர் தூக்கக் கலக்கத்தில் மாட்டினது இல்லை பாஸ்! ஆக்ஸிலேட்டரையோ பிரேக்கையோ மிதிக்கும்போது ஆக்ஸில் முறுக்கிக்கப் பார்க்கும், அதைப் பிடிச்சு வைக்கத்தான்.

இவ்வளவும் சரியா செஞ்சாலும் நம்ம ஊரில் சட்டம் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி கம்பெனியின் மூல வடிவத்தை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. கை ரொம்பவே துறுதுறுங்குதா? பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்கு காலேஜில் டீம் சேருங்க. அங்கே ஷாக்கை எந்தக் கோணத்தில் மாட்டுறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், ஏன்னு நடுவர்கள் கேட்டா பதிலும் சொல்லணும்.